பேச்சில் சேராத சைகை

எங்கள் பெரியப்பா கோயில் உபதேசியார். மொரப்பூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கிராமத்துக்குப் பங்குச் சாமியார் மாதம் இரண்டு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு தவக்காலத்தில், அவர் கையில் ஒரு புனிதரின் சரித்திரம் கிடைத்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரான்சு தேசத்தில் மடாதிபதியாக இருந்தவர். பெயர் வேண்டாம், நடந்ததில் அவர் மேல் குற்றமில்லை.

அவர் காலத்தில் துறவிகள் கறி தின்று, பகட்டாக உடுத்தி, ஊர்வம்பு பேசிக் கிடந்தார்களாம். அவர் ஒவ்வொரு மடமாகப் போய் அதையெல்லாம் நிறுத்தினார். ஒரு மடத்தில் கூரைமேல் ஏறி நின்று கல்லையும் கத்தியையும் காட்டி மிரட்டினார்கள். அவர் தனியாகக் கழுதைமேல் உட்கார்ந்து உள்ளே போய்விட்டார். அவர் சீர்திருத்திய மடங்களில் பேச்சுக்குக் கடும் கட்டுப்பாடு. ஒரு துறவி தன் கண்ணெதிரே திருடன் குதிரையை ஓட்டிக்கொண்டு போனபோதும் வாய் திறக்கவில்லை. ரொட்டிக்கு ஒரு சைகை, மீனுக்கு ஒரு சைகை என்று எல்லாம் கையால்தான்.

பெரியப்பாவுக்குத் திருத்த மடம் கிடைக்கவில்லை. எங்கள் வீடு கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணி வரை யாரும் பேசக்கூடாது. களி வேண்டுமென்றால் உள்ளங்கையில் உருட்டிக் காட்ட வேண்டும், மோருக்குக் கடைந்து காட்ட வேண்டும். "சைகை பேச்சுல சேராது" என்று அவரே தீர்ப்பும் சொல்லியிருந்தார். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். எனக்கோ கொண்டாட்டம். வீட்டில் ஒரு தடவைகூடத் தவறாதவள் நான்தான்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, என்னை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தாள். பிறகு ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். அவள் ஒருவரை விரும்பியது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவரும் எங்கள் கோயிலுக்கே வந்து பூசையில் எங்களோடு நன்மை அப்பம் வாங்குகிறவர்தான். ஆனால் சாதி வேறு. எங்கே என்று கையை விரித்தேன்.

"மொரப்பூர்ல ரெண்டரை ரயிலுக்குப் போறேன் கண்ணு. யாருகிட்டயும் சொல்லாத." வாசல் வரை போனவள் திரும்பி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "நீதான் வாயத் தொறக்க மாட்டியே."

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா மறந்து வைத்த ஜெபப்புத்தகத்தை எடுக்க வந்தார். அத்தையின் அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேள்வியைக் கையால்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முழங்கைகளையும் மடக்கி, சக்கரம் போல ஓட்டி, ரயிலைக் காட்டினேன். அந்தச் சைகை புனிதரின் பட்டியலில் இல்லை, நானாகக் கண்டுபிடித்தது. அவருக்குச் சட்டென்று புரிந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பெரியப்பா தெருவில் இறங்கி, வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்.

அன்றைக்கென்று ரயில் தாமதம். அத்தையை இழுத்துவந்து அறையில் போட்டுப் பூட்டினார்கள். ஸ்டேஷன் வாசலில் அடித்த அடியில் அத்தை விரும்பியவருக்கு ஒரு கண் போயிற்று என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தையை ஒரு மாதத்துக்குள் ஓசூருக்கு அந்தப்பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவள் ஒரு விசேஷத்துக்கும் வரவில்லை. நான்காம் வருஷம் அவள் செத்த செய்தி வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கைகளைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

ஆனால் அன்று சாயந்திரம் பெரியப்பா எல்லார் முன்னாலும் என் தலையில் கைவைத்து, "இந்தப் புள்ள ஒண்ணுதான் ஒரு வார்த்த பேசாம இருந்துச்சு" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஈஸ்டர் பாஸ்காவுக்காகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். ஜெபத்தில் தூங்கியதையும் தம்பியைக் கடித்ததையும் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். பூட்டிய அறையிலிருந்து இரவெல்லாம் கேட்ட அழுகை நினைவுக்கு வந்தது. அது அத்தையின் பாவம், அதை அத்தைதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"இல்லீங்க சாமி" என்றேன்.