வாழையிலையில் சிவந்த தோசை

லிங்கி ஆற்றங்கரை ரப்பர் தோட்டத்தில் பஞ்சாலையின் சிரிப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும்போது அவள் ஒரு சிரிப்புச் சிரித்தால் லயத்தின் கடைசி வீட்டில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். ஜப்பான்காரன் வந்து ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, அந்த மண்ணில் மரவள்ளி நடச் சொன்னபோதும் அவள் சிரிக்கத்தான் செய்தாள்.

"பால் வாளி தூக்குன கை, இனிமே கிழங்கு தூக்கப் போவுது. அவ்வளவுதான் லா!"

ஆனால் சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று அவள் புருஷன் வீரமுத்துவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு அந்தச் சிரிப்பு செத்தது. லாரியின் பின்னால் ஓடிய மகள் செல்லத்தைப் பார்த்து வீரமுத்து கத்திச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்:

"அழாதே கண்ணு! வர்றப்ப அப்துல் ஜலீல் கடை கலர் அப்பம் வாங்கியாறேன்!"

ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால், சம்பளம் போட்ட மறுநாள் அவன் ராசா டவுனுக்குப் போய் அந்தக் கடையில் அப்பம் வாங்கி வருவான். அடுக்கடுக்காக, மேலே ரோஸ், கீழே பச்சை. செல்லம் ஒவ்வொரு நிறமாக உரித்து உரித்துத் தின்பாள். இப்போது அரிசிக்கே வழியில்லை, அப்பத்துக்கு எங்கே போவது?

அவன் போன சில மாதங்களில் லயத்தில் அம்மை கண்டது. செல்லத்துக்கும் வந்தது. பக்கத்து வீட்டு வள்ளியம்மாதான் வாசலில் வேப்பிலை செருகினாள், பிள்ளைக்கு விசிறிவிட்டாள், முறை தவறாமல் எல்லாம் பார்த்துச் செய்தாள். வாய் கத்தி, மனசு வெண்ணெய். முத்துகள் இறங்கி, தலைக்கு முதல் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. இன்னும் இரண்டு தண்ணீர் பாக்கி. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை ஆத்தா வீட்டில் இருக்கிறாள் என்பது கணக்கு. அதுவரை எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது, தாளிக்கிற சத்தம் கேட்கக் கூடாது.

கண்டம் தாண்டியது என்றுதான் பஞ்சாலை நினைத்தாள். ஆனால் பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்றது.

காய்ந்த மரவள்ளியை இடித்த மாவு. சாம்பல் நிறத்தில் கஞ்சியாகக் காய்ச்சினாலும், களியாகக் கிண்டினாலும் செல்லம் ஒருமுறை பார்ப்பாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். "மண்ணு," என்பாள். அழக்கூடத் தெம்பில்லை. மேல் லயத்து மாயாண்டியின் பிள்ளையும் இப்படித்தான். அம்மை விட்டுவிட்டுப் போனது, சோறு வேண்டாம் என்று படுத்த பிள்ளை எழுந்திருக்கவே இல்லை.

அன்று மாலை செல்லம் கண்ணை மூடிக்கொண்டே முனகினாள்.

"அம்மா... அப்பா வாங்கியார்ற ரோஸு அப்பம்..."

பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பஞ்சாலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். நின்று அழ இடம் தேடிப் போனவளின் காலடியில், அவள் போட்ட பாத்தியில், செங்கீரை தளதளவென்று நின்றது. ஒரு தண்டை ஒடித்தாள். விரலெல்லாம் சிவப்பு. அழுகை நின்றுவிட்டது.

கீரையை அம்மியில் வைத்து அரைத்துத் துணியில் பிழிந்தாள். ரத்தம் போலச் சாறு இறங்கியது. சாம்பல் மாவில் அதை ஊற்றிக் கரைத்ததும் மாவு மணப்பெண் சேலை போல ஆனது. அதே அவசரத்தில் தோசைக்கல்லை ஏற்றினாள். விளக்குக்கென்று வைத்திருந்த தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, மாவை ஊற்றினாள். கல் 'சுர்ர்' என்றது.

அவ்வளவுதான், வள்ளியம்மா புயலாக நுழைந்தாள்.

"அடி பாவி! மூணாந்தண்ணி ஊத்தல, எண்ணெய் சுர்ருங்குது! ஆத்தா வீட்டுல இருக்கறப்ப இந்தக் காரியம் செய்யலாமாடி?"

பஞ்சாலை தோசையைப் புரட்டினாள். காய்ந்த கல்லில் சிவப்பெல்லாம் செத்து, தோசை சேற்று நிறத்தில் கிடந்தது. சாமி குற்றமும் ஆயிற்று, நிறமும் போயிற்று.

"எம்புள்ள பட்டினியில போவுதேக்கா!" கரண்டியை வீசி எறிந்துவிட்டுத் தரையில் சரிந்தாள். "சத்தம் வேணாம், எண்ணெய் வேணாம்னா, உங்க ஆத்தாளே வந்து ஊட்டட்டும்! எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். அவரு வந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

வள்ளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விடுவிடுவென்று வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள், இனி நமக்கு நாதியில்லை என்றுதான் பஞ்சாலை நினைத்தாள்.

ஆனால் வள்ளியம்மா திரும்பி வந்தாள். கையில் அப்போது அறுத்த வாழை இலை.

"எந்திரிடி. எண்ணெய்தானே ஆகாது? தோசை ஆகாதுன்னு யாரு சொன்னது? எங்க ஊருப் பக்கம் இலையில ஊத்தி வேகவைப்பாங்க."

இலையை வாட்டிக் கல்லின்மேல் விரித்தார்கள். வள்ளியம்மாவுக்கு இன்னும் பயம் தீரவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட எழும்பிவிடக் கூடாது என்று எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். வெறும் தணல்தான் மிச்சம். பஞ்சாலை மாவை மெல்ல ஊற்றி, மங்குத் தட்டால் மூடினாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

தட்டைத் தூக்கியபோது வாழை மணத்தோடு ஆவி விலகியது. உள்ளே ரோஸ் நிறத் தோசை! தணலின் இளஞ்சூட்டில் சாறு கருகவே இல்லை.

"பார்த்தியா," என்றாள் வள்ளியம்மா, குரல் கரகரக்க. "ஆத்தாவுக்குப் பயந்து நெருப்பை இழுத்தேன். அவ உன் தோசையைக் காப்பாத்திட்டா."

பஞ்சாலை வாசனைப் பாண்டான் இலையை இடித்து, அந்தச் சாற்றில் பச்சை நிறமாக ஒன்று ஊற்றினாள். ரோஸை மேலேயும் பச்சையைக் கீழேயும் வைத்து மகளிடம் நீட்டினாள். செல்லம் வழக்கம்போல ஒருமுறை பார்த்தாள். முகம் திரும்பவில்லை. மெலிந்த விரல் நீண்டு ரோஸ் தோசையை மெதுவாக உரித்தது.

"அப்பா வந்துட்டாரா?"

பஞ்சாலை அடுத்த மாவை இலையில் ஊற்றினாள். "இல்லடா கண்ணு. வர்ற வரைக்கும் அம்மா செஞ்சு தரேன்."

பிள்ளை கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். ரோஸ் முடிந்தது, பச்சையும் முடிந்தது. வெறும் தட்டைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அடுத்த தோசை வேகும்வரை பொறுக்காமல், இத்தனை நாளும் அழத் தெம்பில்லாத பிள்ளை, லயமே அதிரும்படி வீறிட்டு அழுதாள்.

"இன்னொண்ணு வேணும்! ரோஸு வேணும்!"

"சத்தம் ஆகாதுன்னு நான் நெருப்பை அணைக்கிறேன், இவ என்னடான்னா ஆத்தாளையே வெரட்டிருவா போலருக்கே!" என்று வள்ளியம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

பஞ்சாலை சிரித்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓட, லாரி போன நாளிலிருந்து அடைத்துக் கிடந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. கடைசி வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வீடு பெண்கள் செங்கீரைத் தண்டு கேட்டு வந்தார்கள்.

மூன்றாம் தண்ணீரும் நல்லபடியாக ஊற்றினார்கள். இனி எண்ணெய் விடலாம் என்று வள்ளியம்மா சொல்லியும் பஞ்சாலை வாழை இலையை விடவில்லை. கொல்லையில் இன்னொரு பாத்தி கொத்திச் செங்கீரை விதை தூவினாள்.

"எதுக்கும்மா இவ்வளவு?" என்றாள் செல்லம், வாயெல்லாம் ரோஸாக.

"அப்பா பசியோட வருவாருல்ல," என்றாள் பஞ்சாலை.