பல் கட்டுகிறவரின் பாய்க்கப்பல்

பலகையை ஒட்டுவதற்கு முன் ஜெயகுமார் அதை வாயில் வைத்துக்கொள்வார். நாலு மில்லிமீற்றர் அகலம், ஒரு சாண் நீளம், தீக்குச்சியை விட மெல்லிசு. வெந்நீரில் ஊறிய பலகையின் ஒரு நுனியை உதடுகளுக்கு நடுவே இறுக்கி, மறுநுனியைப் பெருவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளைப்பார். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் "ம்" மட்டுந்தான் பதில். பலகை வளைந்து கொடுத்ததும் எடுத்துக் கப்பலின் விலாவில் பொருத்தி, நிறுத்திய பேச்சை நிறுத்திய சொல்லிலிருந்தே தொடர்வார்.

"சுடுதண்ணி மட்டும் பத்தாது மிஸ்," என்றார் என்னிடம். "மரம் எப்ப விட்டுக்குடுக்குதுன்னு கைக்கு முந்தி ஒதட்டுக்குத் தெரிஞ்சிரும்."

உதடும் வாயும்தான் அவருடைய தொழில். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக உள்ள பல் வைத்தியர் இராசரத்தினத்தின் கிளினிக்கில், பின்னறையில், பத்தொன்பது வருடமாகப் பொய்ப்பல் கட்டுகிறார். நோயாளிகளின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. அவர்களின் வாய் மட்டும் வெள்ளைச் சாந்து அச்சாக அவருடைய மேசைக்கு வந்து சேரும். அதனால் வெள்ளவத்தைச் சந்தையில் யாராவது சிரித்தால்தான் அவருக்கு ஆள் அடையாளம் தெரியும். என்னை முதன்முதலில் கண்டபோதும் பெயர் கேட்கவில்லை. "நீங்க கீழ் வலது ஆறாம் பல்லுதானே?" என்றார். நான் ஆம் என்றதும், பழைய சிநேகிதியைக் கண்டவர் போல முகம் மலர்ந்தார்.

வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில். மொட்டைமாடியில் ஏறினால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். நாற்பத்தேழு வயதாகிறது, இதுவரை எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. தினமும் கோட்டை நிலையத்திலிருந்து கடலோர ரயிலில் வெள்ளவத்தைக்கு வருகிறவர், கடல் பக்கத்து ஆசனம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். உப்புக்காற்று மூக்குக்கண்ணாடியில் படிந்துவிடுமாம். மனைவி சுதர்சினிக்கு வேறொரு முறைப்பாடு: "மீன் வாங்கிட்டு வந்தா அறுக்க விட மாட்டேங்கறாரு. செதிலைத் தடவிக்கிட்டே நிக்கிறாரு. பலகை அடுக்குறதுன்னா இப்பிடி இருக்கணுமாம்."

கப்பல் அவருடைய யோசனையன்று. டொக்டரின் தம்பி லண்டனிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் ஓடிய, இரண்டு பாய்மரம் கொண்ட ஆங்கிலேயச் சரக்குக் கப்பல். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் செய்து கட்டுவதற்கான மரமும் நூலும் படங்களும் அதற்குள் இருந்தன. டொக்டர் பெட்டியைத் திறந்து, பலகைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மூடிவிட்டார். "ஜெயகுமார், உமக்குத்தான் கை நடுங்காது. கட்டித் தாரும். மேல்மாடியில புதுக் கிளினிக் திறக்கேக்க, சனம் காத்திருக்கிற இடத்தில வடிவா வைக்கலாம்."

எட்டு மாதம் கட்டினார். பல்லைச் செதுக்கும் ஊசிகளால் பலகைகளில் ஆணித்துளை போட்டார். மெழுகு செதுக்கும் கத்தியால் பசை வழித்தார். கயிறுகளுக்குச் சுதர்சினியின் நூல்பெட்டியைக் காலி செய்தார். மேல்தளம் முழுவதும் பலகை அடுக்கி, தேய்த்து, எண்ணெய் பூசியாயிற்று. இனிப் பாய் கட்டுவதுதான் மிச்சம் என்றிருந்தபோது, பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிற்காலத்தில் இவ்வகைக் கப்பல்கள் இந்திய, இலங்கைக் கரையோரங்களில் அரிசி, துணி, கூலியாட்கள் ஆகியவற்றை ஏற்றின என்று அதில் ஒரு வரி.

அந்த வரியை எனக்குக் காட்டினார். நீலப் பென்சிலால் கோடிட்டிருந்தார்.

"பாத்தீங்களா? அரிசி, கமா, துணி, கமா, ஆளு."

அவர் பிறந்தது மலையகத்தில், பொகவந்தலாவையில். அப்பா தங்கையா, அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். "எங்க ஆளுங்க எல்லாரும் இந்தியாவுல இருந்து தோணியில மன்னாருக்கு வந்து, அங்கருந்து நடந்ததாத்தான் சொல்லுவாங்க. கப்பல்ல வந்த கதைய எனக்கு யாரும் சொன்னதில்ல. எங்க பாட்டன்ல யாரு நடந்தாரு, யாரு ஏறுனாருன்னு இப்ப யாருக்குத் தெரியும்? அதனால சோகமில்ல மிஸ். எனக்கு ஒன்னே ஒன்னுதான் தெரியணும். எங்க படுத்தாங்க?"

பெட்டியில் ஈயத்தால் செய்த சிறு உருவங்களும் இருந்தன. தொலைநோக்கி பிடித்த கப்பித்தான், ஐந்து மாலுமிகள், ஒரு நாய். படுப்பதற்கு ஆள் எவரும் இல்லை. பெட்டி செய்த கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதி, அந்தக் கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேட்டார். மூன்றாம் நாளே மரியாதையான பதில் வந்தது: பொதுச் சரக்கு, சுமார் நூற்றிருபது தொன். "எத்தன ஆளுன்னு கேட்டா எத்தன தொன்னுன்னு சொல்றாங்க," என்று அந்தக் கடிதத்தை நாலாக மடித்துப் பல்மாதிரிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று மாடிக் குடியிருப்பின் கீழே, வாகனம் நிறுத்தும் இடத்தில், சோக்கட்டியால் ஒரு நீள்சதுரம் கீறினார். பத்தடிக்கு ஒன்பதடி. நிஜக் கப்பலின் அடித்தளத்தில் அது எட்டில் ஒரு பங்கு. பிறகு கதவு கதவாகத் தட்டி, "ஒரு பத்து நிமிசம் வந்து படுக்கணும்" என்று அயலவர்களைக் கூப்பிட்டார். முதலில் சிரிப்பு, பிறகு வேடிக்கை, பிறகு பாய்களுடன் ஆட்கள் வந்தார்கள். முதலாம் மாடி றோஸி, பூசைக்குப் போட்ட சட்டையோடு வந்து நடுவில் படுத்தாள். இரண்டாம் மாடி பஸீஹா படுக்க மறுத்து, படிக்கட்டில் நின்று எண்ணும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

பத்துப் பேர் வரை சிரிப்பு இருந்தது. பன்னிரண்டாவது ஆள் படுத்தபோது றோஸி சத்தம் போட்டாள்: "ஜெயா, இதுக்கு மேல ஆள் போட்டா நான் பொலிஸுக்குப் போவேன்!"

"றோஸி, பொரண்டு பாரு."

"எங்க பொரள? நான் பொரண்டா இவரும் பொரளணும், அவருக்கு அங்கால உள்ளவரும் பொரளணும்."

"அப்ப எல்லாரும் ஒன்னாப் பொரளுங்க."

அதற்குள் இன்னும் இருவர் இடுக்கில் நுழைந்திருந்தார்கள்; பதினான்கு பேரும் ஒரேயடியாகப் புரண்டார்கள். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை என்றார் ஜெயகுமார். பஸீஹா மட்டும் மேலேயிருந்து கேட்டாளாம்: "ஆம்புளயும் பொம்புளயும் இப்பிடி ஒன்னாத்தான் போட்டாங்களா?" தெரியாது என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பதினான்கை எட்டால் பெருக்கிக் கையில் எழுதிக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டு.

அன்று மாலையே, எட்டு மாதம் அடுக்கிய மேல்தளத்தின் இடது பாதியைப் பல் அரைக்கும் கருவியால் வெட்டி எடுத்தார். சுதர்சினி பக்கத்தில் நின்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

ஆட்களைப் பொய்ப்பல்லின் ஈறு செய்யும் பிசினாலேயே செய்தார். வெளிநாட்டு ஈறுகள் இளஞ்சிவப்பு. எங்கள் ஆட்களின் வாய்க்கென்று கறுப்புக் கலந்த இன்னொரு நிறம் உண்டு, அதை எடுத்தார். ஒரே அச்சில் வார்த்ததோடு விட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். வார்த்த பின் ஒவ்வொன்றையும் சூடான கத்தியால் தொட்டு ஒருவருக்கு முழங்காலை மடித்தார், ஒருவருக்குக் கையைத் தலைக்கு வைத்தார், ஒருவரைக் குப்புறப் புரட்டினார். மூன்று மாதம் போயிற்று. "ஒரே வாயி ரெண்டு பேருக்குக் கெடையாதுங்க. அப்ப ஒரே தூக்கம் மட்டும் எப்பிடி இருக்கும்?" முடிந்ததும் எல்லோரையும் மெழுகுப் பொட்டு வைத்து வரிசையாகப் படுக்கவைத்து, மிச்சமிருந்த கப்பல் பாய்களையும் கட்டி முடித்தார்.

கப்பலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன நாளை அவர் விவரிப்பதில்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் உஷாந்திதான் சொன்னாள். டொக்டர் முதலில் பாய்களைப் பார்த்து "அருமை, அருமை" என்றாராம். பிறகு குனிந்தார்.

"இதென்ன ஐசே?"

"ஆளுங்க டொக்டர்."

"நான் கேட்டது வடிவான ஒரு கப்பல். சனம் இஞ்ச பல்லுக்குத்தோட, பயந்துகொண்டு வருது. நீர் அதுகளுக்கு முன்னால பிரேதம் அடுக்கி வைக்கிறீர்."

"பிரேதமில்ல டொக்டர். தூங்குறாங்க."

"எடும் எல்லாத்தையும். தளத்தைத் திருப்பி மூடும்."

பத்தொன்பது வருடத்தில் டொக்டர் சொன்ன ஒன்றை ஜெயகுமார் மறுத்தது அன்றுதான். சத்தமாகக்கூட இல்லை. "கப்பல் உங்களோடது டொக்டர். நீங்க எடுத்துருங்க. என் கையால முடியாது," என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் அரைக்கும் கருவியைப் போட்டுக்கொண்டார். அன்றிரவு வேலை போய்விடும் என்று சுதர்சினியிடம் சொல்லியிருக்கிறார். காலையில் வழக்கமான ரயிலிலேயே வந்தார்.

வேலை போகவில்லை. ஆனால் பதினேழு நாள் டொக்டர் அவருடன் கதைக்கவில்லை. பல்லின் நிறம், அளவு எல்லாம் துண்டுக் காகிதத்தில் வந்தன. கப்பல் டொக்டரின் அறையில், எக்ஸ்ரே பெட்டியின் மேல் கிடந்தது. உருவங்களில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. பதினெட்டாம் நாள், நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பின்பக்க வரிசை. அதில ஏன் எல்லாருக்கும் கால் மடிஞ்சிருக்கு?"

"அங்க கப்பல் ஒடுங்குது டொக்டர். நீட்டுறதுக்கு அகலம் பத்தாது."

டொக்டர் யோசித்தார். "ஓம், பத்தாதுதான்," என்றார். பிறகு, "வைப்பம். ஆனா திறந்த பக்கம் சுவருக்கு இருக்கட்டும்."

அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். புதுக் கிளினிக் திறந்த நாளில் வந்தவர்கள் பாயையும் கயிற்றையும் பார்த்துப் புகழ்ந்தார்கள். ஜெயகுமார் நன்றி சொல்லிக்கொண்டு நின்றார். ஏமாற்றமா என்று நான் கேட்டேன். "பல்லு கட்டுறவன் வேலைய யாரு மிஸ் உள்ளுக்குப் பாக்குறாங்க? சிரிச்சா நல்லாருக்கான்னுதான் பாப்பாங்க," என்றார். சொன்ன விதத்தில் கசப்பு இல்லை. ஆனாலும் அன்று அவர் தேநீரைக் குடிக்காமலே விட்டுவிட்டுப் போனார்.

கண்ணாடிப் பெட்டியைத் திருப்பி வைத்தவள் கூட்டித் துடைக்கும் சீனியம்மா. தூசு தட்டுவதற்காகத் திருப்பினேன் என்று உஷாந்தியிடம் சொன்னாள். மறுநாளும் அது அப்படியே இருந்தது, அடுத்த நாளும். டொக்டர் அதைத் தாண்டி எத்தனையோ தரம் போனார், வந்தார், தொடவில்லை. காத்திருக்கிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்துபோய்க் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். சிலர் எண்ணினார்கள். எண்ணிக்கை பிழைத்து மறுபடி தொடங்கினார்கள்.

சீனியம்மா எண்ணவில்லை. ஒரு வாரம் பார்த்தபின், வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜெயகுமாரைக் கூப்பிட்டாள்.

"ஜெயா, இவங்க எத்தன நாள் கடல்ல இருந்தாங்க?"

"தூத்துக்குடியில இருந்து காத்து நல்லாருந்தா ரெண்டு நாளு. இல்லாட்டி அஞ்சு, ஆறு ஆவும்க்கா."

"அப்ப தண்ணிய எங்க வச்சாங்க?"

ஜெயகுமார் குனிந்து கப்பலுக்குள் பார்த்தார்.

"இந்தக் கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு நான் எத்தன வாளி தூக்குறேன் தெரியுமா? இத்தன பேருக்கு ஆறு நாளைக்கின்னா சும்மாவா? மேல வச்சா உருண்டுரும். கீழதானே வச்சிருப்பாங்க? நீ கீழ எடமே வைக்கலியே."

அவர் அன்று முழுவதும் ஒரு பல்லும் கட்டவில்லை என்று உஷாந்தி சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை என் பல்லைப் பார்க்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. ஜெயகுமார் அதன் முன் முழங்காலில் இருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் ஐந்து பீப்பாய்கள், ஒவ்வொன்றும் ஒரு சட்டைப் பொத்தான் உயரம், கம்பி வளையம் கூடப் போட்டிருந்தது. சீனியம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். டொக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அறை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

"இடம் காணாதே," என்றார் டொக்டர். "எட்டுப் பேரையாவது எடுக்க வேணும், என்ன?"

ஜெயகுமார் இடுக்கியால் கப்பலுக்குள் ஏணியடியில் கிடந்த ஒருவரைத் தூக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தார். அடுத்தவரைத் தூக்கினார், அவரையும் வைத்தார். பிறகு மெழுகுக் கத்தியின் தட்டையான பக்கத்தை எடுத்து, கப்பலின் விலாவோரம் கிடந்தவரின் முதுகில் வைத்து அரை மில்லிமீற்றர் தள்ளினார். அவருக்கு அடுத்தவரை அவரோடு ஒட்டினார். அதற்கடுத்தவரை இன்னும் நெருக்கினார். பீப்பாய்க்கு இடம் விழும்வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக நெருக்கிக்கொண்டே போனார்.