இரண்டு வீட்டுக்கும் ஒரே குளிர்காலம்

மெல்பர்னில் மே மாதம் வந்தால் மின்விசிறியைத் திருப்பிச் சுற்றவிடுகிறோம். கோடையில் காற்றைக் கீழே தள்ளும் அதே விசிறி, குளிரில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றிக் காற்றை மேலே இழுக்கும். கூரையடியில் தேங்கிய சூடு சுவரோரமாக இறங்கிவரும், ஹீட்டரைக் குறைத்துவைக்கலாம். இதைச் சொல்லித்தந்த பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் ஊரிலும் இப்போது திருப்பியிருப்பார்களே என்றார். தூத்துக்குடியில் மே என்றால் கத்திரி வெயில், எங்களுக்கு வெயிலும் அதைவிடக் கடும் வெயிலும்தான் என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இந்த ஆண்டு மே மாதம் என் மனைவி செல்வி, தன் தம்பி கல்யாணத்துக்காக எங்கள் ஐந்து வயது மகனோடு ஊரில் இருந்தாள். அங்குள்ள எங்கள் மாடிவீட்டுக்கு ஏசி வேண்டும் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். நல்ல விசிறியும் திறந்த ஜன்னலும் போதும் என்று வாதாடியவன் நான். போன விடுமுறையில் இங்கிருந்தே ஒரு விசிறி கொண்டுபோய் மாட்டினேன். இரண்டு வீட்டு விசிறிகளும் என் கைபேசியில், ஒரே செயலியில் இருந்தன. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் காலை, குளிர் பொறுக்காமல், செயலியில் எல்லா விசிறிகளையும் சேர்த்துக் குளிர்காலத்துக்கு மாற்றிவிட்டு வேலைக்கு ஓடினேன்.

மறுநாள் செல்வி கூப்பிட்டாள். விசிறி என்னவோ சுற்றுகிறது, காற்றே இல்லை, பிள்ளைக்கு வேர்த்து ஊற்றுகிறது என்றாள்.

"ஏளா, நாலு வருஷம் வெளிநாட்டுல இருந்ததும் ஊர்க் காத்து பத்தலையாக்கும்?" என்றேன்.

அதன்பின் அவள் விசிறியைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் பிள்ளைக்கு உடம்பு கொதித்து வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சலைன் ஏறியது. அவன் கண்விழித்த பிறகே எனக்குச் சொன்னாள். வீடு திரும்பியதும் எலக்ட்ரீஷியனை வரவழைத்திருக்கிறாள். அவர் விசிறியடியில் நின்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டதை, அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்.

"யக்கா, இது காத்தக் கீழ விடல, மேல இழுக்குல்லா. யாரு திருப்புனது?"

செயலியைத் திறந்து பார்த்தேன்; ஊர் வீட்டு விசிறியும் குளிர்காலத்தில்தான் இருந்தது. வெயிலில் விளையாடியதும் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன்; முடியவில்லை.

அந்த விசிறியைக் கழற்றிவிட்டு, கடையில் சாதாரண விசிறி ஒன்று வாங்கி மாட்டிவிட்டாள். வீடியோவில் காட்டினாள்.

"திருகுனா ஓடும். உங்களக் கேக்காது."

எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்டேன். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, தூங்கும் பிள்ளையின் பக்கம் கைபேசியைத் திருப்பினாள். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன். என் தலைக்கு மேல் விசிறி மெல்லச் சுற்றியது. உடம்பில் காற்று படவேயில்லை. அங்கே என் மகனின் நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது.