ஆரியசாலையில் நான் எழுதிய நோட்டீஸ்

மிளகாய் மூட்டை வந்து இறங்கும் நாட்களில் எங்கள் வகுப்பு முழுவதும் தும்மும். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரியின் சரக்குக் கிட்டங்கிக்கு மேலே, மாடியில்தான் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. பலகைத் தரையின் இடுக்கு வழியாக நெடி ஏறி வந்ததும் முதல் பெஞ்சில் ஒருத்தி தொடங்கி வைப்பாள், அது கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்பி டீச்சரிடம் வந்து சேரும். பார்வதி டீச்சர் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டே பாடம் நடத்துவார். இன்றைக்கும் யாராவது நயமாகப் பேசி எதையாவது என் தலையில் கட்ட வந்தால் எனக்கு முதலில் மூக்குதான் நமநமக்கிறது, ஏனென்றால் அந்த நெடியில் உட்கார்ந்துதான் நயமான பேச்சைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

டீச்சர் நாகர்கோவிலிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர். தமிழ்ப் பாடப் புத்தகம் எங்களுக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வருகிறபோது வரட்டும் என்று, பக்கத்தில் ‘சாலை’ என்கிற பெரிய கடைத்தெருவில் கொட்டு அடித்துக்கொண்டு வண்டியிலிருந்து வீசிப் போகும் மஞ்சள், ரோஸ் நோட்டீசுகளைப் பொறுக்கி வரச் சொல்லி அவற்றையே பாடமாக்கிவிட்டார். லேகியம், பல்பொடி, சர்க்கஸ், தேர்தல் எல்லாம் வரும். ‘ஒரே வாரத்தில் பலன்!’ என்று பாதியில் நிற்கும் வரிகளுக்கு அவர் வைத்த பெயர் ‘நொண்டி வாக்கியம்’. யாருக்குப் பலன், என்ன பலன், கண்டது யார் என்று கேட்டு அதற்குக் காலை ஒட்டவைத்து நாங்கள் நிமிர்த்த வேண்டும். ‘இந்த லேகியத்தைத் தின்ற ஒருவருக்கு ஒரு வாரத்தில் பசி எடுத்தது என்று அதை விற்பவரே சொல்கிறார்’ என்று எழுதி முடித்ததும் வகுப்பே சிரிக்கும். பிறகு டீச்சர் விரலை மடக்குவார்: “யாரு சொல்லுகான்? யாருக்குச் சொல்லுகான்? எதைச் சொல்லாம விட்டிருக்கான்? விக்கிறவன் வீட்டுல அதைத் திங்காங்களான்னு பாருங்க பிள்ளைகளா.”

இந்த வித்தையில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்த செல்லம்தான். அவளுடைய அப்பா நாஞ்சில் நாட்டுக்காரர், அதே தெருவில் வெல்ல மண்டி வைத்திருந்தார். ஒருமுறை கூந்தல் தைல நோட்டீஸ் ஒன்றை நான் வரி வரியாக அலசிக்கொண்டிருந்தபோது அவள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, “எண்ணெ விக்கவரு தலப்பா கெட்டியிருக்காரு டீச்சர்” என்றாள். அதற்குமேல் அந்தத் தைலத்தைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவளை ஏமாற்றக்கூடிய நோட்டீஸ் சாலைக் கடைத்தெருவிலேயே அச்சாகவில்லை என்று டீச்சர் சொல்வார்.

தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. தெற்கு போய்விட்டால் திருவனந்தபுரத்தில் தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் யோசனை ஓட, பிள்ளைகள் ஒவ்வொருவராக மலையாளப் பள்ளிகளுக்கு நகர்ந்தார்கள். அடுத்த வருஷத்துக்குப் போதுமான பிள்ளைகள் தலை தேறாவிட்டால் எங்கள் வகுப்பை நடத்த முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. டீச்சர் கலங்கித்தான் போனார். கடைசியில், இத்தனை நாள் மற்றவர்கள் நோட்டீசைப் பிரித்தோமே, இப்போது நாமே ஒன்று எழுதுவோம் என்று எங்களிடம் தாளைக் கொடுத்தார். என்னுடையது தேறியது. அதில் ஒரு நொண்டி வாக்கியம்கூடக் கிடையாது. ‘ஆரியசாலைப் பிள்ளைகளாகிய நாங்கள் அடுத்த ஆண்டும் இங்கேயே படிக்கப்போகிறோம், எங்களோடு உங்கள் பிள்ளையையும் விட்டு வையுங்கள்’ என்று முடித்திருந்தேன். ரோஸ் தாளில் அது அச்சாகி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நோட்டீசுக் கட்டு வந்த அன்று சாயங்காலம் சாப்பிடும்போது, அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா சொன்னார்: “கேட்டயா, அடுத்த வருஷம் நீ இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போறாய். எல்லாம் பேசி ஆச்சு. தமிழை வச்சுண்டு இனிமே இங்கே ஒரு ஆபீஸ் படியும் ஏற முடியாது.” அம்மா மோர் விட்டபடியே, “டீச்சரண்டை இப்போ சொல்லவேண்டாம், பாவம், அவா மனசு கஷ்டப்படும்” என்றாள். அம்மா சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. டீச்சரின் மனசைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சொல்லிவிட்டால் நோட்டீசுக் கட்டு என் கையிலிருந்து வேறொருத்தி கைக்குப் போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கினோம். வியாபாரிகள் அச்சடித்ததை நம்புகிறவர்கள் இல்லை. ஆளைப் பார்த்துத்தான் சரக்கு வாங்குவார்கள். செல்லத்தின் அப்பா அவளுக்கு மலையாளப் பெண்பள்ளியில் இடம் கேட்டு வைத்திருந்தார். என் நோட்டீசை வாங்கி மடித்துத் தராசுக்கு அடியில் செருகிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“ஒனக்க அப்பா ஆபீஸ்காரராக்கும். நாலும் தெரிஞ்சவரு. அவரு ஒன்ன எங்க படிக்க வைக்காரு?”

“இங்கேதான் மாமா படிக்கிறேன்” என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது பொய் இல்லை. பக்கத்தில் நின்ற செல்லம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பின்ன என்ன, அவரே விட்டிருக்காருன்னா காரியம் இல்லாம இருக்குமா? இவளும் இங்கயே இருக்கட்டும்” என்று அவர் முடித்துவிட்டார். எந்த நோட்டீசையும் நம்பாத செல்லம் என்னை நம்பினாள்.

பள்ளி திறந்தபோது நான் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக வேறு பக்கம் போனேன். தலை தேறியதால் தமிழ் வகுப்பு நடந்தது. மலையாளப் பள்ளியில் கேட்டு வைத்த இடம் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது, செல்லம் தமிழ் வகுப்பிலேயே இருந்தாள். ஒரே வருஷம்தான். அதற்கடுத்த வருஷம் டீச்சரும் நாகர்கோவிலுக்கே போய்விட, வகுப்பை மூடிவிட்டார்கள். இனி மலையாளப் பள்ளியில் சேர்ப்பதென்றால், மலையாள எழுத்து படிக்காத செல்லத்தை எத்தனையோ வகுப்பு கீழே, சின்னக் குழந்தைகளோடு உட்காரவைக்க வேண்டும். பெரியவளாகிவிட்ட பெண்ணை அப்படி அனுப்ப அவள் அப்பாவுக்கு மனம் வரவில்லை. படித்தது போதும் என்று நிறுத்திவிட்டார்.

நான் அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன். ஆனாலும் ஒருநாள் அம்மாவோடு சாலைக் கடைத்தெருவுக்குப் போனபோது மண்டி வாசலில் அவளிடம் அகப்பட்டுக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். அவள் என் சீருடைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஒங்க ஸ்கூல்ல தமிழ் உண்டா?”

“இல்லை.”

“அப்ப அங்கயும் ஒரு நோட்டீஸ் எழுதேன். நீ எழுதினா எல்லாரும் கேப்பாங்க, அல்லே?”

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன். அம்மா கூப்பிடவில்லை.

எனக்கு அந்த இங்கிலீஷ் பள்ளி எல்லாம் கொடுத்தது: காலேஜ், உத்தியோகம், பென்ஷன். தமிழைப் பத்திரிகை வாசித்து நானாகப் பிடித்து வைத்துக்கொண்டேன். ஆரியசாலையில் அந்தக் கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. மாடியும் இல்லை, பலகைத் தரையும் இல்லை, அங்கே ஒரு தமிழ் வகுப்பு நடந்தது என்று சொன்னால் கடைக்காரப் பையன் மலையாளத்தில் சிரிக்கிறான்.

சென்ற மாதம், இப்போது நாகர்கோவில் கோட்டாற்றில் இருக்கும் செல்லத்தின் பேத்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். இங்கே ஊர்க்கோடியில் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். “ஆச்சிதான் ஒங்களப் போய்ப் பாக்கச் சொன்னாங்க. நீங்க ஒரு ஆளு சொன்னதுனாலதான் தமிழ் இன்னொரு வருசம் கூடப் படிச்சேன்னு எப்பவும் சொல்லுவாங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பேப்பர், பொஸ்தகம் ஒண்ணு விட மாட்டாங்க, பொட்டலம் கட்டி வந்த தாளக்கூட விரிச்சு வாசிப்பாங்க” என்றாள். எனக்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறாள் செல்லம். நான் அந்தப் பெண்ணுக்குக் காப்பி கலந்து கொடுத்தேன். இல்லை, நடந்தது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. பேரன் பேத்திகளுக்கு அதுவும் இல்லை. இந்தக் கட்டுரை அச்சாகி வந்தால் என் வீட்டில் இதை வாசிக்க ஓர் ஆள் கிடையாது. கோட்டாற்றில் செல்லம் வாசிப்பாள்.