ஈரத்துணியை நம்பிய நர்ஸ்

தென்காசியில் ரெபேக்காள் நர்ஸைத் தெரியாத தாய்மார் கிடையாது. காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோனால், தெர்மாமீட்டரை எடுக்குமுன் மூன்று காரியம் செய்வாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்ப்பாள். உச்சிக்குழியைத் தடவுவாள். கடைசியாக அரைத்துணியைத் தொட்டு, பிள்ளை மோண்டிருக்கிறதா என்று பார்ப்பாள். பத்து வருஷத்துக் கை. அந்தக் கைதான் 1938 ஆடியில் அவளை ஏமாற்றியது.

அன்று காலை இலத்தூரிலிருந்து முப்பிடாதியம்மாள் தன் எட்டு மாத மகனைத் தூக்கி வந்தாள். மூன்று நாளாய்க் காய்ச்சல், பேதி. ஆஸ்பத்திரி வாசலில் ஐம்பது பேர் நிற்கிறார்கள். கிள்ளிய தோல் கொஞ்சம் தயங்கித்தான் இறங்கியது, உச்சிக்குழியும் லேசாய் அமுங்கியது. ஆனால் துணி ஈரம். மோளுகிற பிள்ளைக்கு உடம்பில் நீர் இருக்கிறது என்று முடிவுகட்டி, காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போனவள் கொடியில் கிடந்த சேலையை எடுத்தாள். முந்தாநாள் துவைத்தது, இன்னும் நசநசவென்று இருந்தது. காலையில் தொட்ட அரைத்துணி நினைவுக்கு வந்தது. சாரல் அடிக்கிற மாசத்தில் எந்த வீட்டில் துணி காய்ந்தது? அடி பாவி, மோந்தாவது பார்த்திருக்கக் கூடாதா!

சோற்றைத் தொடவில்லை. முகம்மது கனியின் குதிரைவண்டியில் ஏறி, "இலத்தூருக்கு விரசா விடுங்க அண்ணாச்சி" என்றாள். எதிரே ஆள் வந்தபோதெல்லாம், இழவு சொல்ல வருகிறானோ என்று உயிர் போய் உயிர் வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அழுகைச் சத்தம் இல்லை.

பிள்ளை பாயில் துவண்டு கிடந்தது. கண் உள்ளே போய், உச்சி பள்ளம் விழுந்திருந்தது. வாயைத் திறந்து முனகியது, ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"தண்ணி குடுத்தியாட்டி?"

"குடுத்தாப் பேதி கூடும்லாம்மா? நேத்தே நிறுத்திட்டேன்."

"எப்பம் மோண்டான்?"

"நேத்து காலைல. பேதியாவுதேன்னு துணிய அலசி அலசிக் கட்டுதேன், எங்க காயுது?"

ரெபேக்காள் அடுப்படிக்கு ஓடினாள். கஞ்சித்தண்ணீரில் உப்பும் கருப்பட்டியும் கரைத்து, பிள்ளையை மடியில் போட்டுச் சிறு கரண்டியால் வாயோரம் விட்டாள். கக்கியது. பொறுத்து மறுபடி விட்டாள். இயேசுவைக் கூப்பிட்டாள், அந்த வீட்டுச் சுடலைமாடனையும் விட்டுவைக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவள் மடி சூடாக நனைந்தது.

"எங்க குலதெய்வம்மா நீங்க!" என்று முப்பிடாதியம்மாள் காலில் விழ வந்தாள்.

பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் வேலை போகும் என்ற பயமும் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"விழாத தாயி. அந்த ஈரத்த மூத்திரம்னு நெனச்சு இவன வீட்டுக்கு அனுப்புனதே நாந்தான். எந் தப்பு."

குனிந்த முப்பிடாதியம்மாள் நிமிர்ந்தாள். பிறகு மடியில் கிடந்த பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தன கரண்டி குடுக்கணும்? அதச் சொல்லிட்டுப் போங்க" என்றாள், முகத்தைப் பாராமல்.