ஒரு நிமிட அறைச் சத்தம்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குக் காதுதான் சோறு போட்டது. மற்ற மெக்கானிக்குகள் பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். இவன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபேனை நிறுத்தச் சொல்வான். ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்து, கோளாறு கம்ப்ரஸரிலா ரிலேயிலா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவான். கழற்றிய பழைய பாகத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வருவது அவன் வழக்கம். பதினெட்டு வருடம் இப்படியே ஓடியது. முப்பத்தெட்டாவது வயதில், ஒரு கல்லூரி கேண்டீனில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கப் போனவன், மாலை நேரத் திரைப்படப் பயிற்சிக்கான விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பினான்.

கூட வேலை செய்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தலை நரைக்கிற நேரத்தில் ஹீரோவாகப் போகிறாயா என்று கேட்டார்கள். சிரிக்காதவள் அவன் தங்கை ஒருத்திதான். "உனக்குப் பிடிச்சிருந்தா போண்ணா" என்றாள், அவ்வளவுதான்.

தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. பத்து வயதில் ஒரு பெண். வீட்டில் அதை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவின் அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் தெரியும், பேருந்து நிலையத்தில் தெரியும், பாப்பாவுக்கும் தெரியும். அந்த ஆள் இன்னொருத்தியோடு போய் எட்டு வருடம் ஆகிறது என்பதும், வெளிநாடு என்பது அண்ணனும் தங்கையுமாக உட்கார்ந்து கட்டிய கதை என்பதும் அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

வகுப்பில் முதல் மாதம் கேமரா. அது அவனுக்குப் பிடிபடவே இல்லை. லென்ஸில் எண்ணைக் குறைத்தால் வெளிச்சம் கூடும் என்றார் வாத்தியார். குறைத்தால் எப்படிக் கூடும் என்று இவன் அரை மணி நேரம் மல்லுக்கு நின்றான். இரண்டாவது மாதம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் ஆள் அப்படியே அமைதியாகிவிட்டான். தெருக்கோடியில் ஷட்டர் இறங்குவது கேட்டது. பக்கத்து அறையில் டியூப்லைட் முனகுவது கேட்டது. அதன் சோக் இரண்டு நாள்தான் தாங்கும் என்றான். அது மறுநாளே போயிற்று. அதற்குப் பிறகு வகுப்புப் பையன்கள் யாரும் வயதைச் சொல்லி அவனை மாமா என்று கிண்டல் செய்யவில்லை.

ஆனால் அந்தக் கருவியும் அவனை ஒருமுறை நன்றாகக் காலை வாரியது. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுங்கும், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அழுத்தினால்தான் பதிவாகும். இது தெரியாமல் ஒரு பகல் முழுக்க மைக்கைத் தூக்கிப் பிடித்து, தோள்பட்டை கழன்றுபோய், கடைசியில் பார்த்தால் ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. அன்று பட்ட அவமானத்தில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை பதிவு ஓடத் தொடங்கிவிட்டால் மூட்டை கட்டும்வரை அதை நிறுத்த மாட்டான்.

இறுதிப் படத்துக்கு மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். இவன் ஒலி. கேமராவுக்கு ஒரு பையன், வாயே திறக்காதவன். இயக்கம் ஒரு பெண். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவள், முதல் நாளே நாற்காலிகளை எப்படிப் போட வேண்டும் என்று எல்லோரையும் ஏவியதால் டைரக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. படத்தொகுப்பை அவளும் மெக்கானிக்குமாகப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. அவர்கள் ஆவணப்படமாக எடுக்கவிருந்த ஆள் கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, டைரக்டர் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள். மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. தன் தங்கையைப் பற்றிச் சொன்னான். முகம் தெரியாத குரல் என்றதும் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தங்கை தயங்கினாள். அண்ணனுக்காக ஒப்புக்கொண்டாள். டைரக்டரும் சும்மா சொல்லக்கூடாது, நான்கே நாளில் அந்த வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். "அக்கா, அக்கா" என்று சமையலறைவரை போனாள், பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆட்களை அளப்பதில் கெட்டிக்காரன் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்த மெக்கானிக், தங்கைக்கு ஒரு தோழி கிடைத்தாள் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனான்.

பேட்டியை வீட்டில்தான் எடுத்தார்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃப்ரிட்ஜை அணைத்து, தங்கையின் ரவிக்கை ஓரத்தில் சின்ன மைக்கைக் குத்தினான். இரண்டு மணி நேரம் வேலையைப் பற்றிப் பேசினாள். முடிந்ததும் கேமராவைக் கட்டிக்கொண்டு மற்ற இரண்டு பேரும் கீழே போய்விட்டார்கள். மெக்கானிக்குக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. வாத்தியார் சொல்லிக்கொடுத்தது அது. எந்த இடத்தில் படம் எடுத்தாலும் கடைசியில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல், அசையாமல் இருந்து, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழுகிற ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைப்பார்கள். அதற்கு அறைச் சத்தம் என்று பெயர்.

"ஒரு நிமிஷம் சும்மா இரும்மா, அறைச் சத்தம் எடுக்கணும்" என்று, ஓடுகிற பதிவை நிறுத்தாமலே புதுக் கோப்புக்கு மாற்றினான். தங்கை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது விநாடி போயிருக்கும். நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிற பெண்ணை யாரும் இப்படிச் சும்மா உட்காரச் சொன்னதில்லை போலிருக்கிறது. குனிந்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"அவர் எந்த வெளிநாட்டுலயும் இல்லண்ணா. அது நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதுதான். இது உனக்குத் தெரியாது. தினம் சாயங்காலம் ஆறு பத்து வண்டிக்கு நாலாவது நடைமேடைக்கு வர்றார். அந்தப் பொண்ணும் வருவா. ரெண்டு குழந்தைங்க. ரெண்டு வருஷமா நான்தான் அந்த வண்டியை அறிவிக்கிறேன். என் குரல்னு அவருக்குத் தெரியும்ண்ணா. ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்ல. பாப்பாகிட்ட அவரைப் பத்தி நல்லவிதமாவே சொல்லிட்டிருக்கேன். என்னைக்கு வாய் தவறிடுமோன்னு பயமா இருக்கு."

ஹெட்போனில் அந்தக் குரல் அவன் மண்டைக்குள்ளேயே பேசியது. அவளுடைய மூச்சு, தொண்டை அடைப்பது, உதடு பிரிவது எல்லாம் கேட்டது. அவன் நிறுத்துகிற பொத்தானைத் தொடவில்லை. தோன்றவே இல்லை என்பதுதான் நிஜம்.

தங்கைதான் முதலில் சுதாரித்தாள். பதிவாகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது, அழித்துவிடுகிறேன் என்றான். "அழிச்சுட்டு எனக்குச் சொல்லு" என்றாள்.

கணினியில் படத்தொகுப்பு மென்பொருளைப் படிக்க அவன் பட்ட பாடு தனி. திரையின் அடியில் துண்டுகளை வரிசையாக அடுக்குகிற இடம் டைம்லைன். வாயசைவுக்குப் பேச்சைப் பொருத்துவதற்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டும். ஒரு துண்டை இழுத்தால் ஒன்பது துண்டு கூடவே வரும். கருவியிலேயே அழிக்கப் போய் மற்றதும் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லா ஒலிக் கோப்புகளையும் ஏற்றி அடுக்கிய அன்று, டைரக்டர் அந்த ஒரு நிமிடத்தையும் கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். "அண்ணா, படமே இதுலதான் இருக்கு" என்றாள். மெக்கானிக் முடியவே முடியாது என்றான். "சரிண்ணா. உங்க தங்கச்சி, நீங்க சொல்றதுதான்" என்றாள். அவள் கண் எதிரிலேயே அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து டெலீட் பொத்தானை அழுத்தினான். மறைந்தது. அப்படியும் மனசு ஆறாமல் கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தான். அதுவும் காலி. கழற்றினால் கழன்றதுதான் என்று பதினெட்டு வருடம் பழகிய ஆள். டைம்லைனிலிருந்து எடுத்தால் அந்த வரிசையிலிருந்து மட்டும்தான் போகும், மூலக் கோப்பு பத்திரமாக அதே ஹார்ட் டிஸ்க் வட்டில் உட்கார்ந்திருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்றே தங்கைக்குப் போன் செய்து அழித்தாயிற்று என்றான். கடைசி வாரம் நிறம் சரிசெய்ய வேண்டும் என்று டைரக்டர் வட்டை வீட்டுக்கு எடுத்துப்போனாள். இவனுக்கு நிறத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொடுத்தனுப்பினான்.

திரையிடல் சனிக்கிழமை மதியம். பாப்பாவையும் கூட்டிவரலாமா என்று தங்கை ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டாள். தாராளமாகக் கூட்டிவா, அம்மாவைத் திரையில் பார்க்கட்டும் என்றான் இவன். பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பாப்பா முன்வரிசையில் அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது நிமிடம் எல்லாம் அவன் தொகுத்தபடிதான் ஓடியது. அதற்குப் பிறகு நான்காவது நடைமேடை வந்தது. அது அவன் அங்கே வைத்த காட்சியில்லை. கூட்டத்தின் இரைச்சல் மெல்ல அடங்கி, "அவர் எந்த வெளிநாட்டுலயும் இல்ல" என்று தங்கையின் குரல் அரங்கம் முழுக்க நிறைந்தது.

நன்றாக வெட்டியிருந்தாள் டைரக்டர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணா என்று வந்த இடங்களை எல்லாம் நறுக்கி எடுத்து, நம்ம ரெண்டு பேருக்கும் தெரிந்தது என்ற வாக்கியத்தையே தூக்கிவிட்டு, அந்த ஓட்டைகளை அறைச் சத்தம் போட்டு அடைத்திருந்தாள். கேட்கிறவர்களுக்குத் தங்கை இத்தனை நாள் மறைத்ததை ஊருக்கே மனமுவந்து சொல்வது போல இருந்தது. பாப்பாவின் கால் ஆடுவது நின்றுவிட்டது. மெக்கானிக் தங்கையைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. கடைசியில் ஒலி என்று போட்டு அவன் பெயர் பெரிதாக வந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

விளக்கு எரிந்ததும் தங்கை எழுந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "அழிச்சாச்சுன்னு சொன்னியே" என்றாள், அக்கம்பக்கத்தாருக்குக் கேட்காத குரலில். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே ஓடப் பார்த்தவனை வாத்தியார் மறித்துக் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒலிப்பதிவு பிரமாதம் என்றார்.

டைரக்டரைத் தாழ்வாரத்தில் பிடித்தான். அவள் பயப்படவில்லை, மழுப்பவும் இல்லை. "நீங்க அழிக்கவே இல்லியேண்ணா. வரிசையிலேர்ந்துதான் எடுத்தீங்க. கோப்பு அங்கேயே இருந்துச்சு. உங்களுக்கும் மனசு வரலன்னு நினைச்சேன்" என்றாள். எப்படி அழிப்பது என்று அவனுக்குத் தெரியாதென்பது அவளுக்குத் தெரியாதா என்ன? "அக்கா இப்ப வருத்தப்படுவாங்க, அப்புறம் நன்றி சொல்வாங்க" என்று வேறு சொன்னாள். தங்கையின் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்ட வாயால்தான் சொன்னாள். அவளிடமிருந்து வட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

வீட்டில் அதைத் திறந்து பார்த்தான். கோப்புக்கு அவன் கையால் அடித்த பெயர்தான் இருந்தது, அறைச் சத்தம் மூன்று. இந்த முறை சரியாக அழித்தான். ஊரே கேட்ட பிறகு அழித்து என்ன.

மறுநாள் காலை தங்கை வீட்டுக்குப் போனான். வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனான். அந்தப் பெண் நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாள், நான் ஏமாந்துவிட்டேன், என் மேல் தப்பில்லை. எல்லாம் சரியாகவே இருந்தன. கதவைத் தட்டினான். பாப்பா திறந்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. உள்ளே தங்கை சுவரோரமாக நின்றிருந்தாள். இரண்டு பேரும் இரவெல்லாம் பேசியதாகவோ பேசாமலே இருந்ததாகவோ தெரிந்தது.

பாப்பா அவனை நிமிர்ந்து பார்த்தது. "மாமா, அம்மா உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டாங்களா?"

டைரக்டரின் கத்தரி அவனைச் சுத்தமாக வெட்டி வெளியே போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தக் கதையில் அவன் இல்லவே இல்லை. இல்லை பாப்பா, எனக்கும் தெரியும், நானும் சேர்ந்து சொன்ன பொய்தான் அது என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தான். தங்கை முந்திக்கொண்டாள்.

"மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள வரச் சொல்லு" என்றாள்.

அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னாள். பாப்பா நம்புவதற்கு ஒரு ஆளாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பாள். மெக்கானிக் தங்கையைப் பார்த்தான், பாப்பாவைப் பார்த்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் செருப்பைக் கழற்றினான். பாப்பா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டது.