மேடையில் குணமானவன்

சூசைமுத்துவின் இடது கணுக்காலுக்கு மேலே, பின்பக்கமாக, ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. வெங்காய மூட்டை ஏற்றிய டிராக்டர் பெட்டி பின்னால் உருண்டு வந்து கொடுத்த பரிசு. எலும்பைக் கம்பி வைத்துக் கூட்டினார்கள், தையல் போட்டார்கள், புண் ஆறியது. ஆறிய பிறகுதான் சனியன் பிடித்தது, வலி மட்டும் போகவில்லை.

ஊருக்கு இதெல்லாம் புரியாது. கட்டுப் போட்டிருந்தால் வலி, கட்டை அவிழ்த்தால் வலி போயிற்று. எக்ஸ்ரே எடுத்த டாக்டரே "எலும்பு நல்லா கூடிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேலும் ஒருவன் காலை இழுத்து இழுத்து நடந்தால் அவன் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான், அவ்வளவுதான். திண்டுக்கல் வெங்காய மண்டியில் அவனோடு மூட்டை தூக்குகிறவர்கள் அவனுக்கு 'டான்ஸ் மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். பின்னாலேயே வந்து அவனைப் போல நடந்து காட்டினார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வது, அவர்கள்தானே மூட்டைக்குக் கை கொடுக்க வேண்டும்.

உண்மையைச் சொன்ன ஒரே ஆள் பிசியோதெரபி பார்க்கும் ரீனா. தழும்பை இரண்டு விரலால் நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை.

"மேல தெரியுறது கொஞ்சம்தாண்ணே. உள்ள அது குதிகால் நரம்போட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. காலை ஊனுறப்பல்லாம் பிடிச்சு இழுக்குது. வலிக்குதேன்னு நீங்க பாதத்தோட ஓரத்துல ஊனுறீங்க, இடுப்பைத் தூக்கித் தூக்கி வைக்கிறீங்க. அதான் இப்ப இடுப்பும் முதுகும் சேந்து வலிக்குது."

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லங்குறாங்களேம்மா?"

"எக்ஸ்ரேல எலும்புதாண்ணே தெரியும், வலியா தெரியும்? புண்ணு ஆறுனாலும் சில பேருக்கு வலி அடங்காது. அது நடிப்பு இல்ல."

நடிப்பு இல்லை என்று ஒருத்தி சொன்னதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தழும்பைத் தேய்த்துவிடவும், குதிகாலை முதலில் ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகவும் ரீனா சொல்லிக்கொடுத்தாள். மூட்டை தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருங்கள் என்றாள். அன்றிலிருந்து மனைவி இஞ்ஞாசியம்மாள் தினமும் சாயங்காலம் அவன் காலை மடியில் வைத்து எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். ஊர் என்ன பேசினாலும் அவள் நம்பினாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

உட்கார்ந்து செய்கிற வேலை மண்டியிலேயே ஒன்று வந்தது. எடை போடுகிறவர் ஈஸ்டரோடு நின்றுகொள்வதாக இருந்தார். அந்த நாற்காலியைத் தனக்குத் தரச் சொல்லி முதலாளி ஞானதாஸிடம் சூசைமுத்து கேட்டான். இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தை ஊரில் வருடா வருடம் நடத்துகிறவரும் அவர்தான். நாடகத்தில் வரும் ஏழைகள் மேல் அவருக்கு அலாதி இரக்கம் உண்டு.

"பாப்போம்லே. மொதல்ல இந்த வருசம் நொண்டி வேசத்தை நீ கட்டு. போன வருசம் கட்டுனவன் எந்தக் காலை நொண்டுறதுன்னே மறந்துட்டான்."

இயேசு கை நீட்டியதும் நொண்டி எழுந்து மேடையின் மறுகோடிக்கு நடக்க வேண்டும். ஒத்திகையில் சூசைமுத்து எழுந்து, வழக்கம்போல இழுத்து இழுத்துப் போனான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞானதாஸ் சிரிக்கவில்லை.

"ஏலே, கொணமானவனும் நொண்டுனா ஆண்டவருக்கு என்னலே மரியாதை? நேரா நடக்க முடியுமா, வேற ஆளைப் பாக்கவா?"

வேறு ஆள் என்றதும் நாற்காலி கைநழுவிப் போவது போல இருந்தது. "நடந்துருவேன் மொதலாளி" என்றான்.

நாடகத்தன்று நடந்தும் விட்டான், பாவி. ரீனா சொன்னபடி குதிகாலை ஊன்றி, இடுப்பை ஆடவிடாமல், கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் காய்ச்சிய கம்பியைத் தழும்புக்குள் செருகுவது போல இருந்தது. முகத்தில் மட்டும் குணமானவனின் சிரிப்பு. கூட்டம் கைதட்டி ஓய்வதற்குள் திரைக்குப் பின்னால் போய் விழுந்து வாந்தி எடுத்தான்.

"சாமி நாடகத்துக்கே குடிச்சுட்டு வந்துருக்கான் பாரு" என்று ரோமப் போர்வீரன் ஒருவன் அவனைத் தாண்டிக்கொண்டு மேடைக்குப் போனான்.

மறுநாள் மண்டியில் அவன் நாற்காலிப் பேச்சை எடுத்ததும் ஞானதாஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இம்புட்டு நாளா என்னை ஏமாத்திட்டு நாற்காலி வேற கேக்குறியா? ஊரே பாத்துச்சுலே நீ நடந்ததை. போ, லாரி நிக்குது."

"டான்ஸ் மாஸ்டருக்குக் கொணமாயிருச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். அன்று சூசைமுத்துவின் முதுகில் மூட்டையைக் கொஞ்சம் ஓங்கியே போட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்து காலை நீட்டினான். இஞ்ஞாசியம்மாள் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எண்ணெய் எடுத்துட்டு வா புள்ள. உசிரு போகுது."

"நானும் முன்வரிசையிலதான உக்காந்து பாத்தேன். அம்புட்டு நேரா நடந்தீங்க."

"வலியை அடக்கிக்கிட்டு நடந்தேன். அந்த நாற்காலிக்காகத்தான்."

அவள் அடுத்த அவரைக்காயை எடுத்தாள். யாரிடம் போய் நிரூபிப்பது? வலியை எடுத்துக் காட்ட முடிந்தால் அவள் மடியில் வைத்திருப்பான். சுவரைப் பிடித்து எழுந்து, எண்ணெய்ப் புட்டியை எடுக்க அவனே காலை இழுத்து இழுத்து அடுப்படிப் பக்கம் போனான். நறுக்குகிற சத்தம் நின்றது. அவள் நிமிர்ந்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், மண்டிக்காரர்கள் பார்ப்பது போல.

"இங்க வேற யாரும் இல்லங்க" என்றாள். "நேராவே நடங்க."